கிளையை அரிய முன்பு அதைச் சுற்றி நடந்து பாருங்கள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை விட்டு நேராக வந்திருக்கிறீர்கள். சம்பளப் பேச்சைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று விறகு அரிவதைப் பற்றிப் பேசப் போகிறோம்.

சென்ற மாதம் தரம் 5இல் படிக்கும் பிள்ளை ஒருவன் வலது கையில் கட்டோடு பள்ளிக்கூடம் வந்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. ஒரு வாரம் பென்சில் பிடிக்கவில்லை. விசாரித்தோம். காற்றில் விழுந்த சவுக்குக் கிளையை அப்பா அரிந்திருக்கிறார், மகன் ஆடாமல் பிடித்திருக்கிறான், வாள் துள்ளிவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்களும் சின்ன வயதில் அப்படிப் பிடித்தவர்கள்தான்.

கவ்வாத்து நடக்கும்போது மிலாறு கிடைக்கிறது. மற்றக் காலத்தில் காற்று தள்ளும் கிளைதான். 2022இல் காஸ் இல்லாமல் போனபோது, காஸ் அடுப்பு வாங்கிய வீடுகளும் விறகுக்குத் திரும்பின. ஆகவே இது எல்லா லயத்து விசயமும்தான்.

இதோ, வகுப்பிலிருந்து கொண்டுவந்த அடிமட்டம். வளைத்துப் பிடிக்கிறோம். ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நெருக்குண்டு கிடக்கிறது. விட்டால் அடிக்கும். மலையில் விழுந்து கிடக்கும் கிளையும் இதேதான். அது சும்மா படுத்திருக்கவில்லை. அதனால் வாளை வைக்க முன்பு சுற்றி நடந்து பாருங்கள். முதலில் குளவிக்கூடு, குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அடுத்து, மேலே முறிந்து தொங்கும் கொப்பு. மின்கம்பி பட்டிருந்தால் கிட்டேயே போகவேண்டாம்.

பிறகு கிளை எங்கே தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் மண்ணில், நடு அந்தரத்தில் என்றால் மேல்பக்கம் நெருக்குண்டிருக்கும். மேலிருந்தே அரிந்துகொண்டு போனால் பாதியில் வாள் இறுகிவிடும். அதை இழுத்துப் பிடுங்கும்போதுதான் கை போகிறது. மேலே மூன்றில் ஒரு பங்கு அரிந்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அரியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை தொங்கினால் இதற்கு மாறாகச் செய்யவேண்டும்: முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலே. தேயிலைச் செடியில் சிக்கிப் பக்கவாட்டில் வளைந்திருந்தால், வளைவின் வெளிப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. கிளை அந்தப் பக்கம்தான் அடிக்கும். உள்பக்கம் நின்று, அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து விறைப்பைத் தளர விடுங்கள்.

சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். கட்டை உருண்டால் பள்ளத்துக்குத்தான் போகும். கீழே பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

லயத்துக்குக் கொண்டுவந்த பிறகு காலால் மிதித்து அரிகிற பழக்கத்தை விடுவோம். இரண்டு சோடிக் கட்டைகளைக் கத்தரி போல மாற்றி ஆணியடித்து, இடையில் குறுக்குச் சட்டம் போட்டால் ஒரு தாங்கி கிடைக்கும். தொடை உயரம் போதும். கிளை அதில் தானாக உட்காரும். பிள்ளை பிடிக்கத் தேவையில்லை. தாங்கிக்கு வெளியே நீட்டிய பக்கத்தில் அரியுங்கள், துண்டு கீழே விழுந்துவிடும், வாள் இறுகாது. தொடங்கும்போது இரண்டு மூன்று முறை பின்னுக்கு மெதுவாக இழுத்துத் தடம் போடுங்கள். பெருவிரலைப் பல்லுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மொட்டை வாள்தான் துள்ளும். முக்கோண அரம் ஒன்று லயத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

நேரான கொப்பை அடுப்பில் வைக்காதீர்கள், அது போஞ்சிக்குக் கம்பு, மண்வெட்டிக்குப் பிடி. டர்பன்டைன் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடரியோடு சண்டை போடும். சவுக்குத் தூள் சிலருக்கு அரிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. பச்சை விறகின் புகையை அம்மாமாரின் கண்ணும் நெஞ்சும்தான் வாங்குகின்றன. பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிக் காயவையுங்கள்.

இனித் தொழிற்சங்க விசயம். நிர்வாகத்தைக் கேட்காமல் நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். ஆனால் பாதையில் விழுந்த கிளையை வெட்டச் சொல்லி அவர்கள் அனுப்பினால் அது தோட்ட வேலை. எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அப்படிப் போய்க் கால் முறிந்தார். பிறகு, ‘அவர் சொந்த விறகுக்குப் போனவர்’ என்றார்கள். செக்ரோலில் அன்று அவர் பெயர் இல்லை. அனுப்பியது வாய்ப்பேச்சு. வேலையின்போது, வேலையின் காரணமாக வரும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது வேலைதான் என்று காட்டத்தான் அந்த அண்ணனிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே கேளுங்கள்: ‘ஐயா, பேர் போட்டாச்சா? வாள் யார் தருவது? கூட யார் வருவது?’ தனியாகப் போகாதீர்கள். செயின் சோ பழகாதவர் அதைத் தொடவேண்டாம். அதற்குப் பழக்கமும் பாதுகாப்பு உடுப்பும் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு. காயம் பட்டால் அன்றே தோட்ட வைத்தியசாலையில் பதியச் சொல்லுங்கள், தலைவருக்கும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் இரண்டு தாங்கி செய்யப் போகிறோம். ஆணி இருக்கிறது. மொட்டை வாள்களைக் கொண்டுவாருங்கள், அரம் போடுவோம். அந்தப் பிள்ளையின் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.