சபைக்கு ஒரு மெயில்: எழுதுறதுக்கு முன்னாடி ஒரு போன்

இந்த எபிசோட் ஒரே ஒரு மெயிலைப் பத்தினது. மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க சபைக்கு நான் அனுப்பினது.

எங்க ஊர் காவேரிப்பாக்கம். சென்னை - பெங்களூர் ஹைவேல போறவங்களுக்கு அந்தப் பெரிய ஏரி ஞாபகம் இருக்கும். சபை சின்னது, அதுலயும் பாதிப் பேர் ஊர்ல இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை, இல்லன்னா சென்னை, பெங்களூர், துபாய். ஞாயித்துக்கிழமை ஆராதனையில வாசிக்கிற அறிவிப்பு அவங்களுக்குப் போய்ச் சேராது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். நம்ம நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்கு அதுவும் போகாது. ஆயர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, வாராவாரம் ஒரு மெயில் போட்டுடு"ன்னார்.

முதல் ரெண்டு மாசம் யாருமே படிக்கலை. சபை ஆபீஸ்ல பாமினி ஃபான்ட்ல அடிச்சுத் தர்றதை அப்படியே ஒட்டுவேன். என் லேப்டாப்ல அந்த ஃபான்ட் இருந்ததால தமிழாத் தெரிஞ்சுது. மத்தவங்க போன்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும்! யூனிகோடுக்கு மாத்தினேன். அப்பவும் படிக்கலை. அப்புறம்தான் சப்ஜெக்ட் லைனைப் பார்த்தேன்: "கர்த்தரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில்..." போன் திரையில தெரியறதே நாலு வார்த்தை. நாலும் வாழ்த்துக்கே போயிடுச்சு. வாழ்த்தை உள்ளே தள்ளிட்டு, "ஞாயிறு ஆராதனை 7 மணிக்கு, 8:30 இல்லை"ன்னு போட்டேன். அன்னிக்கே துபாய்ல இருந்து ஒரு அண்ணன் பதில் போட்டார்.

படிக்க ஆரம்பிச்சாங்க இல்லையா, அப்பதான் அந்தத் தப்பு நடந்தது.

மெயிலோட கடைசியில ஜெப விண்ணப்பம் போடுவேன். ஷூ கம்பெனியில தையல் செக்ஷன்ல இருக்கிற ஒரு அக்காவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். ஆயரம்மாகிட்ட மட்டும் சொல்லியிருந்தாங்க. அது எப்படியோ லிஸ்ட்டுல ஏறி என் கைக்கு வந்தது. பேரோட போட்டுட்டேன். எல்லா அட்ரஸும் பிசிசியில இல்லை, சிசியில. ஒருத்தர் ரிப்ளை ஆல் அழுத்தி "ஜெபிக்கிறோம் சிஸ்டர்"னு போட்டார். அப்புறம் வரிசையா முப்பது மெயில். ஜிமெயில்ல அனுப்பினதை நிறுத்த அதிகபட்சம் 30 செகண்ட்தான் டைம். எனக்கு விஷயம் புரிய ஒரு ராத்திரி ஆச்சு. அக்கா லீவ் கேட்கப் போறதுக்கு முன்னாடியே சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்தாங்க. திட்டலை. "நீ தப்பா ஒண்ணும் எழுதலடா தம்பி. நான் சொல்லாததை எழுதிட்ட"ன்னாங்க. அம்மா காபி கொண்டு வந்தாங்க. நான் தலையே நிமிரலை.

அன்னிலேர்ந்து எல்லா அட்ரஸும் பிசிசியில. ஜெப விண்ணப்பத்துல பேர் வரணும்னா, சம்பந்தப்பட்டவங்களுக்கே போன் பண்ணி அந்த வரியைப் படிச்சுக் காட்டுவேன். வேணாம்னா, "நம் சபையில் ஒருவருக்கு ஆபரேஷன், ஜெபிப்போம்", அவ்வளவுதான். யாருக்குன்னு கடவுளுக்குத் தெரியாதா என்ன? சாவுச் செய்தி போற மெயில்ல காணிக்கை விஷயத்தை எழுத மாட்டேன். இதுல கமிட்டிக்கு என் மேல கொஞ்சம் வருத்தம்தான், இருக்கட்டும்.

இன்னொண்ணு. பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதின நிருபத்தைக் கொண்டுபோனது பெபேயாள்னு வேத அறிஞர்கள் பலர் சொல்றாங்க. படிச்சுப் புரியலைன்னா அந்தம்மாகிட்டயே கேட்டிருக்கலாம். மெயில் கூட யாரும் போறதில்லை. அதனால ஒவ்வொரு மெயில்லயும் கீழே, கூப்பிட்டா எடுக்கிற ஒருத்தரோட நம்பர் இருக்கும். இப்போதைக்கு அது என் நம்பர்.

போன மே மாசம் அந்த நம்பருக்கு அக்கா கூப்பிட்டாங்க. பையன் ப்ளஸ் டூ பாஸ். "ஸ்தோத்திர விண்ணப்பத்துல போடு தம்பி. பேரோட போடு. மார்க்கையும் போட்டுடு"ன்னாங்க. நான் பழக்கத்துல வரியைப் படிச்சுக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துல வராதா?"ன்னு கேட்டாங்க.