வடலூர் அடுப்பும் நமது போராட்டமும்

(பாகூர் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தைப்பூசம் வந்தால் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் நம் மக்கள் வடலூருக்குப் போகிறார்கள். "கம்யூனிஸ்டுகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். வேலை உண்டு என்கிறோம் நாம்.

வள்ளலார் இராமலிங்கர் 1823-ல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். வடலூரில் அவர் முதலில் கண்டது கோயில் அல்ல, தருமசாலை. 1867 மே 23-ல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்கு நிலம் கொடுத்தவர்கள் மடாதிபதிகள் அல்ல, பார்வதிபுரம் கிராமத்து மக்கள். அங்கே சாதி கேட்டுச் சோறு போடவில்லை. பசித்தவன் என்றால் போதும். 1872-ல்தான் ஞானசபை வந்தது. அதிலும் சிலை இல்லை; ஜோதி மட்டுமே.

1873 அக்டோபர் 22-ல் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசினார். வேதம், ஆகமம், புராணம் எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். சைவத்தில் தமக்கிருந்த பழைய பற்றையும் விட்டுவிட்டதாக ஊரறியச் சொன்னார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிவு?

பிறகு நடந்தது என்ன? 1874 ஜனவரியில் அவர் மறைந்தார். உருவம் வேண்டாம் என்றவரின் சபையிலேயே பின்னாளில் லிங்க பூஜை நுழைந்தது! அதை நிறுத்த 2006-ல் அறநிலையத் துறை உத்தரவிட வேண்டியிருந்தது. 2010-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பீடம் வேண்டாம் என்றவருக்கே பீடம் கட்டுவார்கள். மக்கள் விழித்திருந்தால்தான் கொள்கை நிலைக்கும். நம் சங்கமும் இதற்கு விலக்கல்ல, தோழர்களே!

வேறுபாட்டையும் நாம் மறைக்கவில்லை. அவர் கருணையால் பசியாற்றினார். நாமோ, நெல்லை அறுத்தவன் வீட்டில் உலை ஏன் கொதிக்கவில்லை என்று கேட்கிறோம். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி மில் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டது தருமம் அல்ல, உரிமை. அந்தப் போராட்டத்தின் பலனாகவே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று.

ஆகவே, வடலூருக்குப் போகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். கூடப் போங்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வடலூரில் ஒரே பந்தி; நம் ஊரில் மட்டும் சேரிக்கு ஒரு சுடுகாடு, ஊருக்கு ஒரு சுடுகாடு ஏன்?"

அந்தக் கேள்வியிலிருந்து நம் வேலை தொடங்குகிறது!