தோல்விக்குப் பிறகு என்ன செய்தார்கள்?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் மஹல்லாவின் மிலிட்டரி பாய் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். ராணுவத்தில் பல ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "வரும் உள்ளாட்சித் தேர்தலில் நம் வார்டுக்கு நிற்கலாம் என்று நினைக்கிறேன். எல்லையில் நின்றவன் என்று மக்கள் ஓட்டுப் போட மாட்டார்களா?" என்று கேட்டார்.

நமது அறக்கட்டளை எந்தக் கட்சிக்கும், எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்டதில்லை. இனியும் கேட்காது. ஆனாலும் அவருடைய கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. இதே கேள்வியோடு 75 ஆண்டுகளுக்கு மேல் முன்பு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒருவர் தேர்தலில் நின்றார். அவர் நம் நாட்டவர் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆனால் அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அவர் பெயர் எட்வர்ட் ராய்பால். 1916-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தவர், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். சிறு வயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியான பாயில் ஹைட்ஸுக்குக் குடிவந்தது. வளர்ந்து காசநோய் ஒழிப்புச் சங்கத்தில் சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்தார். நெருக்கமான தெருக்களில் நோய் எப்படிப் பரவுகிறது, ஏழை வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்பதையெல்லாம் நேரில் பார்த்தவர். 1944, 1945 ஆண்டுகளில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு மீண்டும் அதே வேலைக்குத் திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரில் மெக்சிகோ வம்சாவளியினர் லட்சக்கணக்கில் அமெரிக்கப் படையில் இருந்தார்கள். திரும்பி வந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பல குடியிருப்புகளில் வீடு கிடையாது. பல வேலைகளில் இடம் கிடையாது. அவர்கள் பகுதிகளில் தெருவிளக்கும் நடைபாதையும்கூடக் கேட்டு வாங்க வேண்டிய நிலை. நகர மன்றத்தில் அவர்களுக்காகப் பேச ஒருவர்கூட இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அதுவரை அவர்களில் எவரும் அந்த மன்றத்துக்குத் தேர்வானதே இல்லை.

1947-ல் நண்பர்கள் சேர்ந்து ராய்பாலை ஒன்பதாவது தொகுதியில் நிறுத்தினார்கள். படித்தவர், ராணுவத்தில் இருந்தவர், சுகாதாரப் பணியால் வீடு வீடாக அறிமுகமானவர். ஒரு வேட்பாளருக்கு வேறென்ன வேண்டும் என்று நாமும் கேட்போம். அவர் தோற்றுப் போனார். மூன்றாவது இடம்தான் கிடைத்தது.

மிலிட்டரி பாயின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ராணுவ உடுப்பு மரியாதையைத் தரும், ஓட்டைத் தராது. அவரை மதித்தவர்களில் பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. பெயர் இல்லாதவருடைய மரியாதையை எந்தப் பெட்டியில் போடுவது?

பொதுவாகத் தேர்தலில் தோற்றவுடன் கொடியை இறக்கிவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். இவர்கள் அப்படிப் போகவில்லை. தேர்தல் வேலை பார்த்த அதே கூட்டம் கலையாமல் உட்கார்ந்து, எதனால் தோற்றோம் என்று யோசித்தது. மக்களைத் திரட்டுவதில் அனுபவமுள்ள ஃப்ரெட் ராஸ் என்பவர் துணைக்கு வந்தார். அதே ஆண்டில் 'கம்யூனிட்டி சர்வீஸ் ஆர்கனைசேஷன்' என்ற அமைப்பு பிறந்தது. ராய்பால் அதன் முதல் தலைவர். அமைப்பு என்ற முறையில் அது எந்தக் கட்சியையும் சாராமல் இருந்தது.

அவர்கள் பெரிய மாநாடு எதையும் போடவில்லை. ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடுவார்கள். தெருவில் என்ன குறை என்று பேசுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் தன் வீட்டில் இன்னும் பத்துப் பேரைக் கூட்டுவார். விளக்கு, நடைபாதை, போக்குவரத்து சிக்னல் என்று சிறிய கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குப் போனார்கள். கூடவே, வாக்காளர் பதிவுக்கு அதிகாரம் பெற்ற தொண்டர்களாகத் தங்கள் ஆட்களையே நியமிக்க வைத்தார்கள். வாசலில் வந்து நிற்பது தெரிந்த முகம், பேசுவது வீட்டில் பேசும் ஸ்பானிஷ் மொழி. கதவு திறக்காமல் இருக்குமா? இந்த வேலையில் பெரும் பங்கு பெண்களுடையது. பகலில் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடிவிட்டு, மாலையில் தெருத் தெருவாகப் போனவர்கள் அவர்கள்.

இப்படி இரண்டு ஆண்டுகளில் சுமார் 15,000 புதிய வாக்காளர்களைச் சேர்த்தார்கள்.

1949-ல் ராய்பால் மீண்டும் நின்றார். பதவியில் இருந்த பார்லி கிறிஸ்டென்சன் என்ற மூத்த அரசியல்வாதியைத் தோற்கடித்தார். வேட்பாளர் அதே ஆள்தான், அவருடைய ராணுவச் சேவையும் அதேதான். மாறியது பட்டியல் மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது தொகுதியில் மெக்சிகோ வம்சாவளியினர் மட்டும் இல்லை. யூதர்கள், கறுப்பின மக்கள், ஜப்பானியர், சீனர், ஏழை வெள்ளையர் என்று எல்லோரும் இருந்தார்கள். தன் சமூகத்து ஓட்டை மட்டும் நம்பியிருந்தால் அவர் வென்றிருக்க முடியாது. எல்லோருடைய தெருவுக்கும் போனார். வென்ற பிறகும் எல்லோருக்காகவும் பேசினார்.

வெற்றியோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. முதல் கூட்டத்திலேயே அவரை மெக்சிகோ மொழி பேசுபவர் என்று அறிமுகப்படுத்தினார்களாம். அப்படி ஒரு மொழியே கிடையாது என்பதையும், தான் ஓர் அமெரிக்கர் என்பதையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஒரு புதிய குடியிருப்பில் வீடு வாங்கப் போனார். மெக்சிகோ வம்சாவளியினருக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நகர மன்ற உறுப்பினர் பதவியும், ராணுவத்தில் இருந்த வரலாறும் அந்த வாசலில் எடுபடவில்லை. வீடு கிடைக்காமல் அலைந்த அனுபவம் நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை கொடுப்பதில் இன, மத வேறுபாடு கூடாது என்று மன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவர முயன்றார், தோற்கடித்தார்கள். அவர் விடவில்லை. அதே நோக்கமுள்ள சட்டம் மாநிலம் முழுவதற்கும் 1959-ல் வந்தது. 1950-ல் கம்யூனிஸ்டுகள் எல்லோரும் காவல்துறையில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று மன்றம் சட்டம் போட்டபோது, தனி ஒருவராக எதிர்த்து வாக்களித்தார். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். இன்று ஒரு கூட்டத்தைச் சந்தேகத்தோடு பட்டியல் எடுத்தால் நாளை யாரையும் எடுக்கலாம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

1962 வரை நகர மன்றம், பிறகு 30 ஆண்டுகள் நாடாளுமன்றம். 2005-ல் காலமானார். அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமை வளாகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். காசநோய்க்காக வீடு வீடாகப் போனவருக்குப் பொருத்தமான மரியாதை.

ஆனால் கசப்பான செய்தியும் ஒன்று உண்டு. அவர் விலகிய பிறகு, 1985 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றத்தில் அவர் சமூகத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. தொகுதி எல்லைகளை வகுத்த விதமும் அதற்கு ஒரு காரணம். ஒரு நல்ல மனிதரைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இந்த 20 ஆண்டுகளுக்கும் மேலான வெற்றிடமே சாட்சி.

சகோதரர்களே, இனி நம் தெருவுக்கு வருவோம். சென்ற முறை வாக்குச்சாவடி வரை போய், பெயர் இல்லை என்று திரும்பி வந்த குடும்பங்கள் நம் மஹல்லாவில் இருக்கின்றன. அப்போது நாம் அதிகாரிகளைக் குறை சொன்னோம். ஆனால் வரைவுப் பட்டியலை முன்கூட்டியே எடுத்துப் பார்க்காதது யாருடைய குறை? அறக்கட்டளை என்ற முறையில் அது நம்முடைய குறை, ஒப்புக்கொள்கிறோம்.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. அதில் விடுபட்டால் இதிலும் விடுபடும். 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. வீடு மாறியவர்களுக்கும், பெயரிலோ வயதிலோ பிழை உள்ளவர்களுக்கும் படிவம் 8. திருமணமாகி வந்த மருமகள்களின் பெயர் இன்னும் தாய் வீட்டு முகவரியிலேயே இருந்தால் அதையும் மாற்றுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் வாரம் முதல் மாலை வேளைகளில் நம் அலுவலகத்தில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். யாருக்கு ஓட்டு என்று அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார்கள். நம் மஹல்லா என்றில்லை, பக்கத்துத் தெருவில் யார் வந்தாலும் செய்து கொடுப்பார்கள்.

பெண்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. இந்தப் பதிவு வேலையை நீங்கள் கையில் எடுத்தால், நாங்கள் போக முடியாத அடுப்படி வரைக்கும் உங்களால் போக முடியும்.

மிலிட்டரி பாயிடம் இதையெல்லாம் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் எந்தத் தெருவில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். தேர்தலில் அவர் நிற்பாரா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வடக்குத் தெருவில் வாக்காளர் பட்டியலோடு வரப்போகிறார். கதவைத் திறந்து, ஒரு நாற்காலி போடுங்கள்.

வஸ்ஸலாம்.