கலியாணப் பத்திரிகை தேர்ந்தெடுத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேச வல்ல புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளிப் படிப்போடு நின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதும் குமாஸ்தாவாகிய எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆயினும் நம் காலனியில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும், பத்திரிகையின் தமிழ்ப் புரூஃபைத் திருத்தும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேருகிறது. அந்த உரிமையில் இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

டில்லியில் கலியாணப் பத்திரிகை என்றால் சாவ்ரி பஜார்தான். அங்கே கடைக்காரர் விரித்துப் போடும் மாதிரிகளைப் பார்த்தால் கண் கூசும். வெல்வெட்டு ஒட்டியது, பொன்முலாம் எழுத்துடையது, மிட்டாய்க்கு அறை வைத்த பெட்டி! நம்மவர்கள் காகிதம் பார்க்க அரை நாளும், நிறம் பார்க்க அரை நாளும் செலவிடுகின்றனர். வாசகத்திற்கு ஐந்து நிமிஷம். "பழைய பத்திரிகை ஒன்று கொடுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுகிறோம்" என்கிறார் கடைக்காரர், அதோடு முடிந்தது. என் கட்சி வேறு. வாசகத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு இடம் கொடுக்கும் காகிதத்தைப் பிறகு தேடவேண்டும்.

ஏன் என்கிறீர்களா? நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கடையிலிருந்த அச்சு அமைப்பிலேயே ஆங்கிலத்தில் பத்திரிகை அடித்தார்கள். பார்க்க வெகு நேர்த்தி. அந்த அமைப்பில் பெற்றோர் பெயருக்கு இடம் இருந்தது. தாய்மாமன் பெயருக்கு இல்லை. சீர் கொண்டுவந்து, முறை செய்யவேண்டிய மனிதர் அவர். ஊரில் பத்திரிகையைக் கையில் வாங்கி, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். தம் பெயர் வரவே இல்லை என்றதும் மடித்து வைத்துவிட்டார். கலியாணத்திற்கும் வரவில்லை. அக்காளும் தம்பியும் பேசி ஆண்டுகள் சென்றுவிட்டன. வடநாட்டுப் பத்திரிகையில் உறவினர் பெயர்களுக்கென்றே 'தர்சனாபிலாஷி' என்று ஒரு வரிசை உண்டு. வீட்டுக் குழந்தைகள் மழலையில் அழைப்பதாக ஒரு வரியும் போடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். அவர்கள் முறையை அவர்கள் விடவில்லை. நாம்தான் கடைக்காரரின் அமைப்புக்கு நம் உறவை வெட்டிக் கொடுக்கிறோம்.

அதற்காக அண்டை வீட்டாரை மறந்துவிடலாகாது. பஞ்சாபியரும் வங்காளியரும் நம் நன்மை தீமைகளில் உடன் நிற்பவர்கள். அவர்களுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ தனித் தாள் ஒன்று வைப்பதே மரியாதை. அதில் முகூர்த்த நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இப்பக்கத்தில் கலியாணம் பெரும்பாலும் இரவில் நடப்பது. "காலை 6-00 மணிக்கு மேல் 7-30 மணிக்குள்" என்று மூலையில் பொடி எழுத்தில் இருந்தால் யார் கவனிப்பார்கள்? இரவு எட்டு மணிக்குப் பட்டு உடுத்திப் பரிசோடு வந்து, மண்டபத்தில் பாய் சுருட்டுவோரைக் கண்டு திரும்பிய நண்பர்கள் உண்டு.

இனி அச்சுப் பிழை. கணினியில் தமிழ் எழுத்துக்குத் தக்க ஏற்பாடு இல்லாத கடையில், கொம்பு இடம் மாறி விழும். புள்ளி தனியே பிரிந்து நிற்கும். 'பெண்' என்ற சொல்லே படிக்க முடியாமற் போகும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது; பிழையும் தெரியாது. ஆகவே வாசகத்தைச் சரிபார்த்து, எழுத்து அசையாதபடி பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். அச்சிட்ட முதல் தாளைக் கண்ணால் பார்க்காமல் முழுத் தொகையைக் கொடாதீர்கள். 'திருவளர்ச்செல்வன்' என்று ஒற்று மிகுத்துப் போடுவது எங்கும் காணும் பிழை. வளர்பிறை என்கிறோம், நிறைகுடம் என்கிறோம்; ஒற்று மிகுவதில்லை. அவ்வாறே 'திருவளர்செல்வன்', 'திருநிறைசெல்வி' என்பனவே சரி. 'கயல்விழி' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கண்ட டில்லிக்காரர் 'கயல்விஜி' என்று கூப்பிடுவார். அதற்கு மருந்து என்னிடம் இல்லை!

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். சென்னையிலிருந்து டில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அந்த முதல் நாள் காலை 8 மணிக்கு உங்கள் உறவினர் டிக்கெட்டுக்குத் தயாராக இருக்கவேண்டும். அதற்குள் தேதி அவர்கள் கையில் இல்லையேல், பொன்னெழுத்துப் பத்திரிகையும் காத்திருப்போர் பட்டியலில்தான் போய் நிற்கும். வாட்ஸ்அப்பில் முதலில் தேதியை அனுப்புங்கள்; குறையில்லை. அச்சிட்ட பத்திரிகை மஞ்சள் தடவி நிதானமாகப் போகட்டும். வழி சொல்லும்போது ஸ்டேஷனையும் சொல்லுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டில்லிக்கு வரும். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனோடு நின்றுவிடும். மூட்டை முடிச்சுகளோடு வரும் கிழவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகின்றனர், படிப்பவர் குறைவு. தங்கள் பெயர், தந்தை பெயர், பாட்டன் ஊர் இவை மூன்றும் தமிழில் ஒருங்கே அச்சாவது, பலருக்கு வாழ்நாளில் அந்த ஒரு தாளில் மட்டுந்தான். ஆகையால் புரூஃப் கொண்டு வருவோருக்கு நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மணமக்களில் நம் வீட்டுப் பிள்ளை யாரோ, அவரே வந்து எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். சென்ற ஆண்டு வந்த ஒரு பெண், எழுத்துக் கூட்டி மெல்ல மெல்லப் படித்தாள். பாட்டன் ஊர்ப் பெயரில் நின்றாள். மறுபடி கூட்டினாள். பிறகு, "மாமா, இங்கே 'ள'வா, 'ல'வா?" என்று கேட்டாள். எனக்கும் ஐயம் வந்தது. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டோம். அவள் சொன்ன 'ள'வே சரி என்றார்கள். புரூஃபில் 'ல' இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அன்பர்கள் புரூஃபோடு வரலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.