பாதமலைக்குப் புறப்பட்ட கமரா



சிவனொளிபாதமலைக்குப் புறப்படுவோர் எவ்வாறு மூட்டை கட்டுவர் என்பது சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்வோருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. கம்பளி ஒன்று, கற்பூரம், தேங்காய், வழிக்குக் கட்டுச்சோறு, குளிருக்குச் சிறிது இஞ்சி. இவற்றுக்கு மேல் சுமந்தால் மலை பாதியிலேயே இளைப்பு வாங்கிவிடும். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் நிறைவுறும் அந்த யாத்திரைப் பருவத்தில், 1934ஆம் ஆண்டின் முற்பகுதியில், முற்றிலும் வேறுவகை மூட்டையுடன் இருவர் இலங்கைக்கு வந்தனர். ஒருவர் பசில் றைற், வயது இருபத்தாறு. மற்றவர் அவருடைய உதவியாளர் ஜோன் ரெயிலர். இருபதை ஒட்டிய இளைஞர். அவர்களின் மூட்டையில் இருந்தவை கமராவும், முக்காலியும், படச்சுருள் அடைத்த தகரப் பெட்டிகளும். அப்பயணத்தின் பயனாக உருவான ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப் படம் இன்றும் உலகின் சிறந்த விவரணப் படங்களுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. படத்தைப் பற்றி எழுதியோர் பலர். படத்துக்கான பயண ஆயத்தத்தையும் அதன் தொடக்கத்தையும் கருதிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில், இவர்களை அனுப்பியவர் யார்? படத்தைத் தயாரித்த நிறுவனம் பிரித்தானியத் தபால் இலாகா. தேயிலை பற்றிப் படமெடுக்கத் தபாற்காரர் வருவானேன் என்று நேயர்கள் வியக்கக்கூடும். ஜோன் கிறியர்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பேரரசு வாணிபச் சபையின்கீழ் ஒரு படப்பிரிவை நடத்திவந்தார். அச்சபை 1933இல் மூடப்பட்டது. மூடப்பட்டபோது படப்பிரிவு தபால் இலாகாவின் கைக்கு மாறிற்று. ஆனால் இலங்கைப் படத்துக்குப் பணம் தந்தது தபால் இலாகா அன்று; 1932இல் தோன்றிய இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை விழுந்து, உற்பத்தி நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1933இல் சர்வதேச உடன்படிக்கை செய்துகொண்ட காலம் அது. விலை சரியும்போது விளம்பரம் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கருதினர். ஏற்றுமதியாகும் தேயிலைமீது ஒரு சிறு வரி விதித்து, அவ்வரிப் பணத்தில் பிரசார சபை நடைபெற்றது. ஆகவே அக்கமராவும், கப்பற் பயணமும், படச்சுருளும், கூடையிலே விழுந்த ஒவ்வொரு கைப்பிடிக் கொழுந்திலிருந்தும் கிடைத்தவை எனலாம். அதே ஆண்டுகளில் அக்கொழுந்தைப் பறித்தவர்களின் ஆகக்குறைந்த கூலி வெட்டப்பட்டது. பலர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

சபை கேட்டது நான்கு சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரே சுருள், ஏறக்குறையப் பத்து நிமிடம். ஊர் பார்க்கும் படம், தேயிலைக்கு நல்லெண்ணம் வளர்க்கும் படம் என்பதே எதிர்பார்ப்பு. கேட்டது இவ்வளவே எனினும் ஆயத்தம் எளிதன்று. கப்பல் மத்தியதரைக் கடலைக் கடந்து, சுயஸ் கால்வாயில் நுழைந்து, ஆபிரிக்கக் கரையை ஒட்டிச் செங்கடல் வழியே வந்து கொழும்பை அடைய ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். செங்கடலின் வெப்பம் பயணிகளை மட்டுமன்றிப் படச்சுருளையும் வாட்டும். அக்காலத்துச் சுருள் நைத்திரேற்றால் ஆனது. தீப்பற்றினால் நீரிலும் அணையாத இயல்புடையது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், ஒளிபட்ட சுருளில் பதிந்திருக்கும் உருவம் கழுவுவதற்கு முன்பே மங்கத் தொடங்கும். எனவே வெப்ப நாடுகளுக்குப் புறப்பட்ட படக்காரர் எவரும் சுருள்களைக் காற்றுப்புகாத தகரப் பெட்டிகளில் இட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, எடுத்து முடித்தவற்றைக் காலந் தாழ்த்தாது அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியில் எடுத்த காட்சியை எடுத்த நொடியே பார்த்து, பிடிக்காவிடில் அழித்துவிடும் இளைஞருக்கு இந்த அவதி விளங்காது.

கிறியர்சனின் பிரிவினர் பெரிதும் கையாண்டது நியூமன்-சின்கிளேயர் என்னும் கமரா. அது கடிகாரத்தைப்போலச் சாவி முடுக்கி இயக்குவது, மின்சாரம் வேண்டுவதில்லை, தோளிலே தூக்கிச் செல்லலாம். அதில் ஒருமுறை ஏற்றும் சுருளின் நீளம் 200 அடி. அது இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். எதைப் படம்பிடிப்பது என்று முன்னரே மனத்துள் தெளிந்தவனுக்கே அந்த இரண்டு நிமிடம் பயன்படும். ஒலிப்பதிவுக் கருவி அவர்களோடு வரவில்லை. ஒலி பின்னர் இலண்டனில் சேர்க்கப்பட்டது. இந்த ஒரு தீர்மானத்தின் விளைவு பெரியது. அதனைப் பின்னே காண்போம்.

இருவர் மாத்திரம் வந்தமை ஏழ்மையென்று கருதலாகாது. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், இதே சப்ரகமுவையின் கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலமொன்றைக் கட்டி, 1957இல் அதனை வெடிவைத்துத் தகர்த்து டேவிட் லீன் படமெடுத்தார். ‘குவாய் நதிப் பாலம்’ எனப் பெயர்பெற்ற அப்படத்துக்குப் பெரும் படையே வந்திறங்கிற்று. அங்கே ஆறு தாய்லாந்து நாட்டு ஆறாக வேடம் பூண்டது. றைற் எடுக்க வந்ததோ, ஆறு ஆறாகவும் மலை மலையாகவும் தோன்றும் படம். அதற்கு ஆள் குறைவதே நல்லது. கூட்டமும் ஆரவாரமும் கண்டால் யாத்திரிகர் நின்று வேடிக்கை பார்ப்பரேயன்றி நடக்கமாட்டார்.

காலத்தைத் தெரிந்துகொண்டதிலும் ஒரு நன்மை இருந்தது. இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மலைகள் வாரக்கணக்கில் முகில் போர்த்துக் கிடக்கும், அட்டை கடிக்கும், பாதைகள் ஓடைகளாகும். தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே இப்பக்கத்தில் ஓரளவு வெயில் கிடைக்கும் காலம். பாதமலைப் பருவமும் அதுவே. வானமும் வழிபாடும் ஒத்துவந்த மாதங்களில் அவர்கள் இங்கே இருந்தனர்.

நாட்டை அறிந்த துணை ஒன்றும் வேண்டுமன்றோ? அத்துணை கொழும்பில் கிடைத்தது. லயனல் வென்ற் பறங்கியர் இனத்தவர்; சட்டம் படித்தவர்; பியானோ வாத்தியத்தில் வல்லவர்; நிழற்படக் கலையில் இந்நாட்டின் முன்னோடி. கண்டி நடனத்தின் அருமையை ஆங்கிலம் கற்ற கொழும்பார் பலர் உணராத காலத்தில் உணர்ந்திருந்தவர். எங்கே போகவேண்டும், எதைப் பார்க்கவேண்டும் என்பதை வெளிநாட்டார் வழிகாட்டி நூலிலிருந்து கற்பதற்கும், இத்தகைய ஒருவரிடமிருந்து கற்பதற்கும் உள்ள வேறுபாடு படமெங்கும் தெரிகின்றது. படத்தின் விவரணக் குரலும் அவருடையதே. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளிவந்த நூலின் வாசகங்களை அவர் நிதானமாக வாசிக்கின்றார். 1944இல் மறைந்த வென்றின் குரலைக் கேட்க விரும்புவோர் இப்படத்தை நாடலாம்.

படத்தின் முதற் பகுதி பாதமலை ஏற்றம். 7,359 அடி உயரமுள்ள அம்மலைக்கு ஹற்றன் பக்கமாக ஒரு வழி; இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல ஊடாக மற்றொரு வழி. இரத்தினபுரி வழி பழையது, நீண்டது, செங்குத்தானது. தாழ்நிலத்தில் தொடங்கி, றப்பர் மரங்களையும் காட்டையும் கடந்து, குளிர்ந்த சீதகங்குலையில் நீராடி மேலேறவேண்டும். முதன்முறை போகின்றவர் வழியில் நூலிழுத்துச் செல்வர். உச்சியில், எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை தரம் மணியடிப்பர். புத்தர் பாதமென்று சிங்களரும், சிவன் பாதமென்று தோட்டத்துத் தமிழரும், ஆதம் பாதமென்று முஸ்லிம்களும் போற்றும் இடம் அது. புனித தோமையாரோடு தொடர்புபடுத்தும் கிறிஸ்தவரும் உளர்.

இங்கே படக்காரனுக்கு ஓர் இடையூறு. யாத்திரிகர் பெரும்பாலும் இரவில் ஏறி, உச்சியில் உதயத்தையும், எதிரே பனிமீது விழும் மலையின் முக்கோண நிழலையும் காண்பர். அக்காலச் சுருளோ தீப்பந்த ஒளியை ஏற்கும் தன்மையதன்று. அதற்கு வெயில் வேண்டும். ஆகவே பகலில் ஏறுவோரை, படியில் இளைத்து உட்காருவோரை, முதியோரைத் தாங்கி நடப்போரையே கமரா நாடவேண்டியதாயிற்று. இக்குறையே படத்துக்கு ஒரு நிறைவைத் தந்தது. இரவின் மருட்சி இல்லாமற் போகவே, முகங்கள் முன்னுக்கு வந்தன. மூச்சு வாங்கும் கிழவியின் முகத்தில் உள்ள உறுதியைத் திரையிற் கண்டவர் எளிதில் மறவார்.

தோட்டங்களுக்குள் நுழைவது வேறு கதை. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குப் போதல் அந்நாளில் எளிதான காரியமன்று. உறவினருக்கே கேள்வி உண்டு. தேயிலைச் சபையின் பெயரோடு வந்தவருக்கோ எந்தத் தோட்டத்தின் வாயிலும் திறக்கும். வாயிலைத் திறக்கும் அக்கடிதந்தான் எதைக் காட்டலாம் என்பதற்கும் ஓர் எல்லை கீறுகின்றது. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுதலும், பெரட்டுக் களத்தில் கங்காணி பேர்சொல்லிக் கூப்பிடுதலும், பத்தடி அறைக்குள் ஒரு குடும்பம் உறங்கி எழுதலும் கமராவுக்கு வெளிச்சம் போதாத வேளையில் நடப்பவை என்று சமாதானம் சொல்லலாம். கொழுந்து நிறுக்கும் வேளையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. எனினும் இப்படம் இலங்கைத் தொழிலாளியின் வாழ்க்கையை ஆராய வந்த படமன்று; பணம் கொடுத்தவர் கேட்டதும் அதுவன்று.

ஆயினும் றைற்றைக் குறை கூறி முடித்துவிடுதல் நீதியாகாது. அவர் இதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, வாழைக்குலை சுமந்து கப்பலேற்றும் தொழிலாளரை 1933இல் ‘ஜமேக்காச் சரக்கு’ என்னும் படத்தில் காட்டியவர். சுமக்கும் தோளையும் விற்கும் சந்தையையும் ஒரே பார்வையில் காணக் கற்றவர். இலண்டனுக்குத் திரும்பிய பின், நான்கு சிறு படங்களாக இருந்திருக்கவேண்டியவை நான்கு பாகங்கள் கொண்ட ஒரே படமாயின. மூன்றாம் பாகத்தின் பெயரே ‘வாணிபத்தின் குரல்கள்’. பெண்கள் நிரையில் நின்று கொழுந்து கிள்ளுகின்றனர். மேலே கேட்பதோ சந்தை விலையும், வியாபாரக் கடித வாசகமும், கப்பல் புறப்படும் செய்தியும், தந்தி ஓசையும். யானை ஒன்று மரத்தைச் சாய்க்கும் காட்சிமேல் புகையிரத ஒலி எழுகின்றது. வோல்ரர் லீ என்னும் இசையமைப்பாளரும், ஒலியமைப்பில் வழிகாட்டிய கவல்காந்தியும் இதற்குத் துணைநின்றனர். பறிப்பது யார், பேசுவது யார் என்று விளம்பரப் படத்துக்குள்ளேயே கேள்வி எழுப்பிவிட்டார் றைற். சபையார் அதனைக் கேள்வியாகக் கொண்டார்களோ, அழகென்று கொண்டார்களோ!

ஆனால் ஒலிப்பதிவுக் கருவி வராத பயணத்தின் விலையும் இங்கேதான் தெரிகின்றது. அப்பெண்கள் தமக்குள் பேசிச் சிரித்த தமிழ், பதிவாகாமலே காற்றோடு போயிற்று. படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்குநர் உண்டு, இசையமைப்பாளர் உண்டு, குரல் கொடுத்தவர் உண்டு. கொழுந்து பறித்த ஒருத்தியின் பெயரும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், தாம் இந்த மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்தமைக்குச் சான்று தேடிக் கச்சேரி தோறும் அலைந்தனர். 1934இல் இங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோரின் முகங்கள் இலண்டனில் ஒரு தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. பெயரில்லாத முகங்கள் எந்தக் கச்சேரியில் செல்லும்?

றைற் திரும்பிப்போன அதே ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றி, மணற்படுக்கையில் குட்டைகள் தேங்கின. தெளிந்த நீரில் வெயில் படும் அத்தகைய குட்டைகளிலேயே மலேரியா பரப்பும் நுளம்பு முட்டையிடும். ஐப்பசி வாக்கில் தொடங்கிய காய்ச்சல், அதுவரை மலேரியாவை அதிகம் அறியாத கேகாலை மாவட்டத்தின் ஆற்றோர ஊர்களை வாரிக்கொண்டது. சில மாதங்களுள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். எட்டியாந்தோட்டை, றுவன்வெல்லைப் பகுதிகளில் மருந்தும் பருப்பும் கொண்டு சென்று பணிபுரிந்த என். எம். பெரேரா 1936இல் றுவன்வெல்லைத் தொகுதி மக்களால் அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். ‘சோங் ஒவ் சிலோன்’ 1935இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. கமரா சில மாதம் பிந்திப் புறப்பட்டிருப்பின் அது கண்டிருக்கும் இலங்கை வேறு.

மலேரியாவைப் பற்றிய படம் எடுக்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1948இல் அமைந்த அரசாங்கத் திரைப்படப் பிரிவில், இலண்டனிலிருந்து நாடு திரும்பிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் சேர்ந்தார். அவர் 1954இல் எடுத்த ‘வரண்ட பிரதேச வெற்றி’ என்னும் குறும்படம் அந்நோயை ஒழித்த கதையைச் சொல்வது. அதற்கு மூன்று வாரக் கப்பற் பயணம் வேண்டியிருக்கவில்லை, கொழும்பிலிருந்தே புறப்பட்டார்கள்.