அறிவிப்பும் கேட்பாரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி உடுமலைப்பேட்டையில் நடைபெற்ற சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை கேட்டுப் பழகிய இந்த அவையில், அரசுச் சேவைகளில் வலைத்தொழில்நுட்பமும் சமூக ஊடகமும் என்னும் பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது நான் தயங்கினேன். நான் கற்றதும் கற்பிப்பதும் இலக்கியம். கணிப்பொறி எனக்கு மதிப்பெண் பட்டியல் ஏற்றுகின்ற கருவி, அவ்வளவே. ஆயினும் என் பெரியம்மாவுக்காக ஒரு பட்டா மாறுதல் விண்ணப்பத்தின் பின்னால் ஏழு மாதங்கள் அலைந்த பின்னர், இது நம் துறைக்குப் புறம்பான பொருள் அன்று என உணர்ந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா குடிமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்பவர். பெரியப்பா மறைந்த பின் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாயிற்று. விவரங்களை எழுதிக் கொடுத்தவள் நான். பெரியப்பாவின் பெயர் ரகரத்தில் தொடங்குவது. ரகரம் மொழிக்கு முதலில் வாராது அன்றோ! முப்பதாண்டுத் தமிழ்ப் படிப்பு கையில் ஊறியிருக்க, முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து எழுதினேன். கிரய ஆவணத்தில் அந்த இகரம் இல்லை. வாரிசுச் சான்றிலும் இல்லை. பெயர் வேறுபடுகிறது என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று.

தள்ளுபடியானது எங்களுக்குத் தெரியவே நான்கு மாதங்கள் ஆயின. பெரியம்மாவிடம் கைப்பேசி இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரனின் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. முன்பின் தெரியாத செய்தியைத் தொட்டால் பணம் போய்விடும் என்று எல்லாரும் எச்சரிக்கின்ற காலம். பையன் அதனை அழித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தியை அறிந்த பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் அம்முணி, உங்க பெரியப்பன் பேரக் காலேசுத் தமிழ்ல எழுதிப் போட்டயாக்கும்?"

சிரித்தேன் என்றாலும் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. எழுத்தர் ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தால், "இரண்டும் ஒரே ஆள்தானே?" என்று கேட்டிருப்பார். கணிப்பொறிக்கு இகரம் உள்ள மனிதர் வேறு, இகரம் இல்லாத மனிதர் வேறு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட வேறு சில கேள்விகளும், அவற்றுக்குக் கையில் வைக்க வேண்டியிருந்ததும் நமக்குத் தெரியும். அதனால்தான் வலைவழிச் சேவையை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பட்டா, சிட்டா நகலுக்காக ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத் திண்ணையில் காத்திருந்தவர்கள் இன்று வீட்டிலிருந்தே அதனைப் பெற முடிகிறது என்பது சிறிய செய்தி அன்று.

இனி, அறிவித்தல் என்னும் செயலைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மணிமேகலையின் முதற்காதைக்கு 'விழாவறை காதை' என்றே பெயர். முரசினை யானையின் பிடர்த்தலை ஏற்றி, வள்ளுவன் நகர் முழுதும் விழாவை அறிவிக்கின்றான். அரசின் செய்தி, கேட்பவரின் தெருவுக்கு, அவருடைய செவிக்கு, அவருக்குத் தெரிந்த மொழியில் வந்து சேர்கின்றது. நம் ஊர்களில் அண்மைக் காலம் வரை இருந்த தண்டோராவும் அதுவே. ஆனால் அந்தப் பறையைச் சுமந்தவர் யார்? யானை மேல் அன்று, வெயிலில் வெறுங்காலோடு, பிறப்பின் பெயரால் அவ்வேலை சுமத்தப்பட்டவர்களே சுமந்தனர். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா முறைக்கு முற்றுப்புள்ளி வைத்து, ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளால் செய்தி சொல்லுமாறு பணித்தது. காலம் கடந்து வந்த நல்ல ஆணை என்பேன்.

இன்று அவ்விடத்தில் பெரும்பாலும் வாட்ஸப் குழு வந்து நிற்கின்றது. குடிநீர் வராத நாள், மருத்துவ முகாம், கிராம சபை நேரம் எல்லாம் அதில் வருகின்றன. தண்டோராக்காரர் சேரிக்கும் ஊருக்கும் சேர்த்தே அறிவித்தார். குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதைக் குழுவைத் தொடங்கியவர் முடிவு செய்கின்றார். நான் அறிந்த ஒரு குழுவில் இருநூறு பேர் இருந்தனர். அதில் பெண்கள் ஒன்பது பேர். நூறுநாள் வேலைக்குப் போகின்ற ஒருவரும் இல்லை. யாரும் திட்டமிட்டு விலக்கியதாகச் சொல்லமாட்டேன். தமக்குத் தெரிந்தவர்களைச் சேர்த்தார்கள். தெரிந்தவர்கள் யார் என்பதைக் கொங்கு நாட்டு ஊர்களில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கருவி ஊருக்குள் வந்த விதத்தைப் பற்றி இரண்டு முன்னோடி முயற்சிகள் நமக்குப் பாடம் சொல்கின்றன. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில், வில்லியனூரை மையமாகக் கொண்டு, கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் ஊரில் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தமானது. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை ஒருவர் பார்ப்பார், தமிழாக்குவார், ஊரின் ஒலிபெருக்கியில் சொல்வார். கணிப்பொறி ஒன்று, கேட்பவர் ஊரார் அனைவரும். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். எம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே மையம் அமைந்தது. எந்தச் சாதியாரும் தடையின்றி நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் விதித்த நிபந்தனை. நிபந்தனை இல்லாமல் இடம் கேட்டிருந்தால் எந்தத் தெருவில் கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

2004 டிசம்பர் 26 அன்று இதன் பயன் விளங்கிற்று. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு ஓடினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அந்த நாளில் பயன்பட்டது வலைத்தளம் அன்று. ஒலிபெருக்கியும், அதன் சொல்லை நம்பிப் பழகிய ஊரும்தான்.

மற்றொன்று மதுரை மாவட்டம் மேலூரில் 2001-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கிராமங்களில் இணைய நிலையங்களை அமைத்தன. பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்குத் தாலுகா அலுவலகம் போகாமல் மனுச் செய்யலாம். கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். தொடக்கத்தில் மனுக்கள் குவிந்தன. ஆர்வம் கொண்ட அதிகாரிகள் மாறிய பின் மனுக்களுக்கு விடை வருவது குறைந்தது. நிலையங்கள் பலவும் மூடப்பட்டன. கருவி பழுதாகவில்லை, மறுமுனையில் எடுத்துப் படிப்பதற்கு ஆள் இல்லை. சமூக ஊடகத்தில் முறையிட்டுவிட்டு, "பதிவு செய்யப்பட்டது" என்னும் விடையோடு நின்றுபோனவர்களுக்கு மேலூரின் கதை புதிதாக இராது.

இனிக் கூடல் என்பதற்கு வருகிறேன். பேச்சாளர்கள் இவ்விடத்தில் வழக்கமாக உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போவார்கள். அதனை விட நமக்கு அண்மையில் ஒன்று உண்டு: ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று இன்று தமிழில் வழங்குகின்றோம். ஜூன் 30-இல் பசலி ஆண்டு முடிவதையொட்டி, தாலுகா அலுவலகத்தில் ஊர் ஊராகக் கணக்குகளைப் பார்த்து, மக்களிடம் நேரில் மனு வாங்குகின்ற நிகழ்ச்சி. 1980-இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தது. ஆங்கிலேயர் காலத்து ஜமாபந்தி ஒழியவில்லை. ஏடுகள் கணிப்பொறிக்குள் சென்ற பின்னும் மக்கள் அன்றைக்குத் தாலுகா அலுவலகத்தில் கூடுகின்றனர். 2023 டிசம்பர் 18 அன்று கோவையில் 'மக்களுடன் முதல்வர்' முகாம்கள் தொடங்கியபோதும், பல துறைகள் ஒரே பந்தலில் அமர்ந்தன. மனுக்கள் அங்கேயே கணிப்பொறியில் ஏறின. வலை வந்த பின்னும் பந்தல் தேவைப்பட்டது ஏன் என்பதே நம் கூட்டத்தின் கேள்வி.

இராஜஸ்தானில் ஒரு விடை கிடைத்திருக்கின்றது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில், அருணா ராய் முதலியோர் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு முதல் 'ஜன் சுன்வாய்' கூட்டத்தை நடத்தியது. செய்தது ஒன்றுதான்: கூலிப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். யார் வேலை செய்தார், யார் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பது படிக்கப் படிக்க அம்பலமாயிற்று. அந்தப் போராட்டங்கள் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்தன. (தமிழகம் 1997-லேயே இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் என்பதை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை, அதன் விதிவிலக்குகளின் பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.) 2019 செப்டம்பரில் அதே மாநிலத்தில் 'ஜன் சூசனா' என்னும் வலைவாசல் திறக்கப்பட்டது. ரேஷன், ஓய்வூதியம், வேலைத் திட்டம் ஆகியவற்றின் விவரங்களை யாரும் விண்ணப்பிக்காமலேயே பார்க்கலாம். அதில் எந்தப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்பதை அதிகாரிகளும் மக்கள் அமைப்பினரும் ஒன்றாக அமர்ந்து பேசியே தீர்மானித்தனர். வலைவாசலின் பக்கங்களைக் களப்பணியாளர்கள் ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டவும் செய்கின்றனர்.

நம்மிடமும் இடம் இருக்கின்றது. 2022 முதல் தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் என்று ஆயிற்று: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் அங்கே படிக்கப்படுகின்ற தீர்மானங்களின் தமிழ் எப்படி இருக்கின்றது? இங்கேதான் நம் வேலை தொடங்குகிறது எனக் கருதுகின்றேன்.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. ஆட்சிச் சொற்களைத் தேடித் தொகுத்த முன்னோர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றபோது, ஆய்வு மாணவியாக நானும் அரங்குகளில் அலைந்தேன். கணினியில் தமிழ் எழுத்துக்கு ஒருங்குறியை அரசு ஏற்றதும் அந்நாள்களில்தான். ஒரு கணினியில் அடித்தது மறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த துன்பத்தை அறிந்தவர்களுக்கு அது விடுதலை. எழுத்துச் சிக்கல் தீர்ந்தது, சொற்சிக்கல் நிற்கின்றது.

ஒரு சான்று சொல்கிறேன். சொத்தின் மீது கடனோ உரிமைக் கோரிக்கையோ உண்டா என்று காட்டுவது வில்லங்கச் சான்று. நம் பக்கத்தில் 'வில்லங்கம்' என்றாலே வம்பு. வில்லங்கச் சான்று எடுத்து வரச் சொன்னபோது, "எம்மேல வில்லங்கம் இல்லீங்களே" என்று பெரியம்மா அஞ்சினார். வலைப்பக்கத்தில் இச்சொல்லின் அருகே ஒரு வரி விளக்கம் இருந்தால் போதும். 'நிராகரிக்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில், "இன்ன காரணத்தால் ஏற்கவில்லை, இன்ன தாளைக் கொண்டு மறுபடி கேட்கலாம்" என்று இரண்டு தொடர்கள் போதும். இது மென்பொருள் வல்லுநரின் வேலை அன்று. சொல்லின் எடை அறிந்தவர் செய்ய வேண்டியது. பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயண கவி, நாடக மேடைக்கும் திரைக்கும் எழுதியது, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்குக் கேட்டவுடன் விளங்கும் தமிழில். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு விண்ணப்பப் படிவம் புரியும்படி இல்லையே என்று நாம் ஒருவருக்கொருவர் முறையிட்டுக்கொண்டிருக்கலாகாது.

வேறொரு பக்கமும் உண்டு. திருமூர்த்தி மலைக்கும் அமராவதிக்கும் மேலே மலைக்குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சமதளத்தில் நாம் பேசும் இவையெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று அங்கே போகாமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பஞ்சு எடுத்தும் மட்டை உரித்தும் ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடையின் கருவி ஏற்காதபோது, எந்த நல்ல தமிழும் உதவாது. அங்கே வேண்டியது மாற்று வழியும், அது இருக்கிறது என்று சொல்லும் ஒரு மனிதரும்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்றை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதேனும் ஓர் ஊரின் நிழலில் நடத்துவோம். கவிதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கவிதைக்கு முன் ஒரு மணி நேரம். ஒரு மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் போதும். அவ்வூருக்கு உரிய வலைப்பக்கங்களை, ஒருவரின் தனி விவரம் வெளிப்படாதவாறு, உரக்கப் படிப்போம். கேட்பவருக்கு விளங்காத சொற்களைக் குறித்துக்கொள்வோம். அச்சொற்களுக்கு எளிய விளக்கம் எழுதித் துறைக்கு அனுப்புவோம். விடை வந்தால் அடுத்த கூட்டத்தில் படிப்போம். வராவிட்டால் அதையும் சொல்வோம். முதற்கூட்டத்துக்குப் பெரியம்மாவின் தோப்பு இருக்கின்றது. இகரத்தை நீக்கி மறுபடி விண்ணப்பித்ததில் பட்டா அவர் பெயருக்கு வந்துவிட்டது. வருகின்றவர்களுக்கு இளநீர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புவோர் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முன்னெழுத்தோடு, ஆவணத்தில் உள்ளபடியே.