பெட்டிக்குள் கிடைக்காத சாகா

(மாதிரிக் கார் கட்டும் பொழுதுபோக்கு பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தப் பொம்மைக்கா நூறு வெள்ளி?" மாதிரிக் கார் கட்டும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது எழாமல் இருக்காது. கேட்கும் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் பளபளக்கும் காரின் படம். திறந்தால் உள்ளே காரே இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கும் குறையாத சின்னச் சின்னத் துண்டுகள், நான்கு ரப்பர் டயர், ஒரு விளக்கத்தாள். சாயம் கிடையாது, பசை கிடையாது. பணம் கொடுத்து வேலையை வாங்கி வந்திருக்கிறான் மகன்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

மாதிரிக் காரின் உயிர் அளவில் இருக்கிறது. பெட்டியின் மேல் 1/24 என்று போட்டிருந்தால், உண்மைக் காரை 24-ஆல் வகுத்த நீளம் என்று பொருள். நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள கார் பதினேழரை சென்டிமீட்டராகி உள்ளங்கையில் உட்காரும். இது எல்லாருக்கும் எளிதில் புரியும். புரியாதது சாயத்தின் கணக்கு. உண்மைக் காரின் மேல் உள்ள சாயம் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதே தடிப்பில் மாதிரிக்கும் சாயம் அடித்தால், 24 மடங்கில் அது 2.4 மில்லிமீட்டர். காரின் மேல் தோசை மாவை ஊற்றியது போல! கதவின் கோடுகள் நிரம்பிப் போகும், சின்னங்கள் மழுங்கிப் போகும். கண்ணுக்குப் "பொம்மை" என்று தோன்றுவதற்கு முதற்காரணம் இந்தத் தடித்த சாயம்தான். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, காயவிட்டு, ஆயிரம், இரண்டாயிரம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கிறார்கள். கார் பட்டறையில் சாயம் அடிப்பவர் செய்யும் வேலைதான். இடம் மட்டும் சாப்பாட்டு மேசை.

ஒரே காரை அவரவர் விருப்பப்படி மாற்றிக் கட்டும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே ஏஎம்டி நிறுவனம் 1958-இல் "ஒரு பெட்டியில் மூன்று" என்ற முறையைக் கொண்டுவந்தது. கடையில் வந்தபடியே கட்டலாம், அலங்காரக் காராகக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். மிச்சமாகும் துண்டுகள் அடுத்த காருக்குப் போகும். இன்றும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர் வீட்டில் ஒரு மிச்சப் பெட்டி இருக்கும். பாட்டி வீட்டுப் பொத்தான் டப்பா மாதிரி, எதையும் தூக்கிப் போட மனம் வராது.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தமியா 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கியது. பிறகு மர மாதிரிகள், 1960 முதல் பிளாஸ்டிக். அந்த நிறுவனத்தை உலகறியச் செய்த ஷுன்சாகு தமியா, போர்ஷே காரைச் சரியாக மாதிரி செய்ய வேண்டுமென்று உண்மையான போர்ஷே ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். 2025-இல் தமது 90-ஆவது வயதில் காலமானார். பிரித்துப் பார்த்தவர் கட்டியதால்தான் தமியா பெட்டியில் ஒவ்வொரு துண்டும் இன்னொன்றோடு அவ்வளவு பொருத்தமாகச் சேருகிறது.

நம் நாட்டில் "தமியா" என்றால் பலருக்கு வேறு நினைவு. தொண்ணூறுகளில் பள்ளி விட்டதும் மோட்டார் வைத்த குட்டிக் கார்களை வளைந்த தடத்தில் ஓடவிட்ட பிள்ளைகள் இன்று நாற்பதைத் தொட்டவர்கள். 1982-இல் வந்த அந்த மினி நான்கு சக்கர ஓட்டக் கார்களில்தான் பலர் முதன்முதலில் பல்சக்கரத்தையும் மோட்டாரையும் கையில் தொட்டார்கள். இன்னொரு பெருமையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். "மலேசியா" என்று பொறித்திருக்கும் வாய்ப்பு அதிகம். பினாங்கு, பிறையில் உள்ள ஆலையிலிருந்து போகும் கார்கள் அவை. அந்த உலோகக் காரின் அடியில் உள்ள இரண்டு ஆணிப் பூட்டுகளைத் துளையிட்டுப் பிரித்து, பழைய சாயத்தை உரித்து, புதிய நிறமும் ரப்பர் டயரும் போடுவது இங்கு இளைஞர் பலர் செய்யும் வேலை. கையில் காசு குறைவாக உள்ளவர் தொடங்க இதைவிட நல்ல வழி இல்லை. சில வெள்ளியில் கார் கிடைக்கும், கெட்டாலும் மனம் நோகாது. சாயம் உரிக்கும் மருந்து தோலையும் உரிக்கும் என்பதால் கையுறை மட்டும் அவசியம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜப்பானியப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கடையில் போர்ஷே உண்டு, ஸ்கைலைன் உண்டு, லான்சர் உண்டு. நம் சாகா? 1985 ஜூலை 9-ஆம் தேதி நாட்டின் முதல் தேசியக் காராக அறிமுகமாகி, 2008 வரை அதே அடிப்படையில் ஓடிய புரோட்டோன் சாகா அந்தப் பெரிய நிறுவனங்களின் வரிசையில் இல்லை. எத்தனையோ குடும்பங்களின் முதல் காடி அது. பள்ளிக்கும் கோயிலுக்கும் பிரசவத்துக்கும் போன காடி அது. கோலாலம்பூரில் சிவப்பும் வெள்ளையுமாக டாக்சியாக ஓடி எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அதே வம்சம்தான். அது வேண்டுமென்றால் சொந்தமாகத்தான் உருவாக்க வேண்டும்.

வேறு கார் ஒன்றின் கூட்டை வெட்டி, பிளாஸ்டிக் தகடு ஒட்டி, மாவு பூசித் தேய்த்து உருவம் எடுப்பது ஒரு வழி. கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்பது இன்னொரு வழி. சாகா பிறந்ததே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயிலிருந்து என்பதால், அந்தக் காரின் படங்களும் அளவுகளும் துணைக்கு வரும். இந்த உறவு பந்தயத்திலும் தொடர்ந்தது. 2002-இல் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. அந்தக் கார் லான்சர் எவல்யூஷனுக்கு நெருங்கிய சொந்தம். லான்சர் எவல்யூஷனுக்கு ஜப்பானியப் பெட்டிகள் உண்டு, ஆகவே சாகாவை விட கரம்ஜிட்டின் காரைக் கட்டுவது எளிது. உலகப் பட்டம் வென்ற மலேசியக் கார் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வருத்தம்தான்.

இங்கே மஸ்ஜித் இந்தியா சாலைக்கு ஒரு வேலை இருக்கிறது. மாதிரிக் கார் பெட்டி வாங்க சுங்கை வாங் பக்கம் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காருக்குள் போட வேண்டிய பலவும் மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளிலும் தையல் சாமான் கடைகளிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தையல் நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள நூல் 24 மடங்கில் 7.2 மில்லிமீட்டர். உண்மை எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் கம்பியும் ஏறக்குறைய அதே தடிப்புதான். கறுப்பு நூல் ஒரு கண்டு வாங்கினால் ஆயுளுக்கும் போதும். இருக்கை வாருக்கு சாட்டின் நாடா பொருந்தும். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்ட வேண்டும், அதற்கு மேல் போனால் ஓட்டுநர் மீது சால்வை போர்த்தியது போலிருக்கும். இருக்கைக்கு வெல்வெட் துணி ஒட்டுகிறவர்களும் உண்டு. அது வேண்டாத வேலை. கைக்கு எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் அந்த இழை 24 மடங்கில் கோணிப்பை. மங்கலான சாயமே போதும்.

டாக்சி கட்டுகிறவர் எண் பலகையை மறக்கக் கூடாது. தனியார் காருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து, டாக்சிக்கு வெள்ளையில் கறுப்பு எழுத்து, முதல் எழுத்து எச். டேஷ்போர்டில் பிள்ளையார், அவருக்கு மல்லிகைச் சரம். ஒரு மொட்டு அரை மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ரவையை வெள்ளைப் பசையில் கோத்தால் அச்சு அசலாக வரும் (எறும்பு வராமல் மேலே வார்னிஷ் பூசுங்கள்). அதே சாகாவில் இன்னொரு வீட்டார் 786 ஒட்டி, கண்ணாடியில் தஸ்பீஹ் மணியைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த ஜப்பானிய விளக்கத்தாளிலும் இந்தத் துண்டுகள் இல்லை. அலங்காரக் கார் என்று அமெரிக்கர் தீப்பிழம்பு வரைகிறார்கள். நம்மவரின் அலங்காரம் இதுதான். தமிழ்நாட்டில் இளைஞர்கள் ஃபோம் அட்டையில் அரசுப் பேருந்துகளைக் கட்டும்போது வழித்தடப் பலகை வரை விடாமல் எழுதுவதும் இதே உணர்வில்தான்.

இப்போது வீட்டிலுள்ள பெரியவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. லாக்கர் சாயமும் தின்னரும் விளையாட்டுப் பொருள் அல்ல. அடுக்குமாடி வீட்டின் அறைக்குள் கதவை மூடிக்கொண்டு தெளித்தால் தலைவலி, மயக்கம். தொடர்ந்து செய்தால் நரம்புக்கும் கேடு. சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். அடுப்பு எரியும்போதும், சாமி விளக்கு எரியும்போதும் சாயம் தெளிக்கவே கூடாது. பையன் சாயம் அடிக்கிறான் என்றால் திட்டுவதை விட, பால்கனியைக் காலி செய்து கொடுப்பது உத்தமம்.

நம் ஊர் மழைக்கும் இதில் பங்குண்டு. காற்றில் ஈரம் மிகுந்த மாலையில் லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து நீர் படியும், சாயம் பூத்துப்போய் வெண்மையாகத் தெரியும். பயந்து உரிக்க வேண்டாம். வெயில் நாளில் தெளிவான லாக்கரை மெலிதாக ஒரு தடவை தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொதுவாகக் காலை பத்து மணிக்கு மேல், மழை இறங்குவதற்கு முன் வேலையை முடிப்பது நல்லது. சாயப் புட்டியிலும் ஒரு வார்த்தை: தமியாவின் டிஎஸ் வகை இந்தக் கார்களுக்கு, பிஎஸ் வகை ரிமோட் கார்களின் மெல்லிய கூட்டுக்கு. மாற்றி அடித்தால் நூறு வெள்ளி உண்மையாகவே வீண்தான்.

இனி அந்த அப்பாவிடம் வருவோம். அவரே இருபது ஆண்டு டாக்சி ஓட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குத் தேவையான தகவல் எந்தப் பெட்டியிலும் இல்லை, அவரிடம் இருக்கிறது. மீட்டர் எந்தப் பக்கம் பொருத்தப்பட்டிருந்தது, எந்தக் கதவு ஒழுங்காக மூடாது, பின்பக்கம் எங்கே இடித்தது, பட்டறையில் ஒட்டிய மாவு எந்த நிறத்தில் தெரிந்தது. கேட்டால் சொல்வார். பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பழைய சாகாக்கள் சாலையில் குறைந்துகொண்டே வருகின்றன. இரும்புக் கடைக்குப் போன காரை அளவெடுக்க முடியாது.

ஆகவே உறவினர் வீட்டிலோ, பக்கத்து லோரோங்கிலோ ஒரு பழைய சாகா இன்னும் நிற்கிறதென்றால், உரியவரிடம் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் வாருங்கள். அளவு நாடாவும் கைப்பேசியும் போதும். முன், பின், இரு பக்கம், மேலே என்று நேர்க்கோட்டில் தள்ளி நின்று படம் எடுங்கள். கிட்டே நின்றால் மூக்குப் பெரிதாகிவிடும். ஒவ்வொரு படத்திலும் காரின் மேல் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். விளக்குகள், கதவுக் கைப்பிடி, சக்கர வளைவு ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். டேஷ்போர்டை எடுக்கும்போது அதன் மேல் உள்ள சாமி படத்தை நகர்த்த வேண்டாம், அதுவும் அளவுக்குள் வர வேண்டும்.